இ20 பெட்ரோல்: மதுரை வெயிலிலும் மழையிலும் காசுக்குத் தகுமா?

மதுரை பங்க்குகளில் சாதா பெட்ரோல் என்று கேட்டால் விழுவது இ20தான். நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால், அதாவது கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் ஆல்கஹால். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி என்றால் யோசிக்காமல் போடலாம், அதன் ரப்பர் பாகங்கள் தாங்கும். ஆக்டேன் (இன்ஜின் தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் எண்) 91இலிருந்து 95க்கு ஏறியிருப்பதால், சிறுமலை வளைவுகளில் ஆளேற்றிக்கொண்டு ஏறும்போது இன்ஜின் தட்டுவது குறையும். கூடுதல் காசுக்கு விற்கும் 95 ஆக்டேன் பிரீமியத்துக்கு இனி என்ன வேலை என்று தெரியவில்லை.

குறை மைலேஜில். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வண்டிகளில் பைக்குக்கு 3–4 சதவீதம், காருக்கு 6–7 சதவீதம் அடிபடும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்குப் போட்டது. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் பழைய கார்காரருக்கு அது 108 ரூபாய்ப் பெட்ரோல். எத்தனால் கலந்தும் விலை இறங்காததற்குக் காரணம், எத்தனாலே மலிவில்லை: 2025 ஜூலை நிலவரப்படி எண்ணெய் நிறுவனங்களின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.32 ரூபாய்.

அமெரிக்காவில் சீக்கிரம் ஆவியாகும் மலிவான பியூட்டேன் வாயுவைக் குளிர்காலத்தில் பெட்ரோலில் கூடுதலாகச் சேர்த்து, கோடையில் குறைப்பார்கள். கோடையில் அங்கே விலை ஏற அதுவும் ஒரு காரணம். நம் ஊர் பில்லில் அப்படிப் பருவ விலை கிடையாது. தொல்லை மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

அக்னி நட்சத்திர மதியத்தில் கோரிப்பாளையம் நெரிசலில் நின்றால், பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி இன்ஜின் நின்றுவிடும். குழாய் இன்ஜினை ஒட்டாமல் தள்ளிக் கட்டுங்கள். பிளக் வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், எரிபொருள் போதவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றச் சொல்லுங்கள். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம், பெட்ரோல் குழாய் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

ஐப்பசி மழையில் சிக்கல் வேறு. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைக் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் இறங்கிவிடும், இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். அப்போது மேலே புதுப் பெட்ரோல் ஊற்றுவது வீண். டேங்க்கை முழுதாக வடித்து, கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலையும் திறந்து காலி செய்ய வேண்டும். நிறுத்தியே வைக்கும் வண்டியில் ஈரக் காற்றுக்கு இடமில்லாமல் டேங்க்கை நிரப்பி வையுங்கள்.

விடிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதை நம்ப வேண்டாம். பங்க் டேங்க் மண்ணுக்கடியில் இருப்பதால், பெட்ரோலின் சூடு காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறாது. அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், வாடிக்கையாளருக்கு அந்த உரிமை உண்டு. 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி, அதற்குமேல் குறைந்தால் புகார் செய்யலாம்.