வாக்கிங் டெட், லாஸ்ட் ஆஃப் அஸ்: எதை நம்ப முடிகிறது?

2010 முதல் 2022 வரை 11 சீசன்கள் ஓடிய, ஜாம்பிகள் எனப்படும் நடமாடும் பிணங்களின் கதையான 'தி வாக்கிங் டெட்' தொடரில் ரசிகர்களை உறுத்தியது பெட்ரோல். தேக்கி வைத்த பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட ஆரம்பிக்கும். உலகமே முடங்கிய பிறகும் அங்கே வருடக்கணக்கில் வண்டி ஓடுகிறது. ஜாம்பிகள் சூழ்ந்தபோது கதாபாத்திரம் கிளென் குப்பைத்தொட்டிக்கு அடியில் புகுந்து தப்பியதும் பலருக்கு ஜீரணமாகவில்லை.

2023-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரில் மனிதர்களை ஜாம்பிகளாக்குவது ஒரு பூஞ்சை; கதை, எறும்புகளை ஆட்டிவைக்கும் நிஜப் பூஞ்சையிலிருந்து தொடங்குகிறது. மனித உடல் சூட்டில் அது பிழைக்காது என்று முதல் காட்சியிலேயே ஒப்புக்கொண்டு, பூமி சூடானால் என்ன ஆகும் என்று கேட்கிறது. அந்த ஒரு கேள்வி போதும், மீதியை நம்பிவிடலாம். ஜாம்பிகள் குறைவு என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள், அது சரிதான். ஆனாலும் பில், ஃபிராங்க் என்ற காதலர்கள் சேர்ந்து முதுமையடையும் மூன்றாவது எபிசோடுக்காகவே என் ஓட்டு இதற்கு. வாக்கிங் டெட்டில் அந்த அளவுக்கு என்னை உலுக்கியது, காணாமல் போன சிறுமி சோஃபியா கொட்டகையிலிருந்து ஜாம்பியாக நடந்துவரும் காட்சி மட்டும்தான்.