தோல் நிற பெயின்ட் செட் என்று 18,500 ரூபாவைப் பிடுங்கிவிட்டார்கள், கவனம்!

மினியேச்சர் உருவங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களே, சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து ‘இறக்குமதி’ பெயின்ட் விற்கிற ஆட்களுக்கு முன்காசு கட்டாதீர்கள். என் 18,500 ரூபா போய்விட்டது. எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் ஹட்டன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களை 75 மில்லிமீட்டர் உயர உருவங்களாகச் செய்கிறேன். கூடை, இடுப்பில் கட்டுகிற படங்கு எல்லாம் அடித்துவிடலாம், முகம்தான் கஷ்டம். நம் பெண்களின் முகம் ஒரே பழுப்பு இல்லை. நெற்றியில் மஞ்சள் சாயல், மூக்கிலும் கன்னத்திலும் செம்மை, கண்குழியிலும் தாடைக்குக் கீழேயும் ஊதா கலந்த கருமை. கடையில் ‘ஸ்கின் கலர்’ கேட்டால் வெள்ளைக்காரக் குழந்தையின் ரோஸ் நிறத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

அதனால்தான் அந்தப் பக்கத்தில் 12 போத்தல் செட்டைக் கண்டதும் விசாரித்தேன். குரல் பதிவில் பதில் வந்தது. “அண்ணா, நானும் பதுளைப் பக்கம்தான். கருத்த தோலுக்கு வெளிச்சம் வைக்க வெள்ளை கலக்கக்கூடாது, சாம்பல் பூத்துப்போகும். ஓகரும், அதான் மண் மஞ்சள், கொஞ்சம் ஆரஞ்சும்தான் சேர்க்கணும். அதுக்குத் தனிப் போத்தலே இருக்கு.” சொன்னது அத்தனையும் சரி. தூரிகை பிடித்தவன்தான் அப்படிப் பேசுவான். பேச்சும் நம்ம ஊர்ப் பேச்சுதான். பெயின்ட் அடித்த ஒரு கிழவி உருவத்தின் முகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். கன்னத்து எலும்பில் விழுந்த வெளிச்சத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றைக்கே 18,500 ரூபாவை வங்கியில் போட்டு ஸ்லிப்பை அனுப்பினேன். நாட்சம்பளத்துக்கு மலை ஏறுகிற என் அம்மாவுக்கு அது பல நாள் உழைப்பு.

பார்சல் வந்தது. போத்தலில் ஒட்டியிருந்த லேபலை நகத்தால் சுரண்டினால், உள்ளே துணிக்கு அடிக்கிற பெயின்டின் பழைய லேபல்! தண்ணீர் விட்டுக் கலக்கினால் நிறம் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். முகத்தில் ஒரு பூச்சு வைத்தேன், தோசை மா ஊற்றியது போல கண்குழி நிரம்பி, உதட்டுக் கோடு மறைந்துபோனது. நல்ல அக்ரிலிக் பாலைப் போல மெல்லிசாக ஓட வேண்டும், மூன்று நான்கு பூச்சுக்குப் பிறகும் சுருக்கம் தெரிய வேண்டும். இதில் முதல் பூச்சிலேயே முகம் வழவழவென்று ஆகிவிட்டது.

கேட்டேன். “நல்லா குலுக்குங்க அண்ணா.” குலுக்கினேன். “உங்க ஊர் குளிருக்கு அப்படித்தான்.” லேபல் படத்தை அனுப்பினேன். “சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.” அப்புறம், “உங்களுக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியல.” என்னைப் பார்த்து! 18,500 ரூபாவைத் திருப்பித் தா என்றதும் பிளாக் பண்ணிவிட்டான். தங்கையின் போனிலிருந்து பார்த்தேன், அதே கிழவி படத்தோடு அதே செட் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

சரி, சொல்ல வந்தது. பார்சல் கையில் வந்த பிறகு காசு கொடுக்கிற முறைக்கு ஒத்துக்கொள்ளாதவனிடம் வாங்காதீர்கள். பெயின்டைத் தண்ணீரில் கரைத்துக் காட்டுகிற வீடியோ கேளுங்கள். தோலுக்கென்று செட்டே வேண்டாம்: பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), யெல்லோ ஓகர், ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஓவியர்கள் பாவிக்கிற நல்ல அக்ரிலிக் டியூபாக வாங்கினால் நம் நிறம் முழுக்க வந்துவிடும். மிச்சத்தை எழுதுகிற மனநிலையில் நான் இல்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். ஸ்லிப், குரல் பதிவு, சுரண்டிய லேபல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பதுளைப் பக்கம் என்று சொல்லி உங்களிடமும் இப்படிக் காசு வாங்கியிருந்தால் ஸ்லிப்போடு எனக்கு எழுதுங்கள், சேர்த்தே கொடுப்போம்.