டிரம்பெட்காரரிடம் ஹார்ன் கற்கப் பணம் கட்டுமுன்

“பிராஸ் கருவிகள் எல்லாம் சொல்லித் தரப்படும், ஃபிரெஞ்சு ஹார்ன் உட்பட.” உதட்டை அதிரவைத்து ஊதும் பித்தளைக் கருவிகளைப் பற்றிய இப்படி ஒரு விளம்பரத்தை நம்பிப் பன்னிரண்டு பாடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினாள் ஒரு மாணவி. எட்டுப் பாடம் முடிந்தும் மேல் ஸ்வரங்கள் பிடிபடவில்லை. சொல்லிக்கொடுத்தவர் டிரம்பெட்காரர், அவரிடம் ஹார்னே கிடையாது. மீதி நாலு பாடத்துக்கான பணமும் திரும்பி வரவில்லை.

பணத்தைவிட உதட்டுக்கு வந்த கேடுதான் பெரிது. வாசித்து முடித்ததும் மவுத்பீஸின் (உதட்டில் வைத்து ஊதும் முனையின்) விளிம்பு உதட்டில் சிவப்பு வளையமாகப் பதிந்திருக்கும். ஹார்ன் வாசிப்பவருக்குப் பொதுவாக அந்த வளையத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலுதட்டில் விழ வேண்டும். அவளுக்குப் பாதிக்குப் பாதி இருந்தது. டிரம்பெட்டில் பலரும் அப்படித்தான் வைப்பார்கள். ஹார்ன் மவுத்பீஸோ ஒடுக்கமானது, உள்ளே புனல் மாதிரி ஆழமாகப் போகும். அதை உதட்டில் தாழ்வாக வைத்துவிட்டு மேல் ஸ்வரங்களுக்கு ஏற முயன்றால், உதட்டில் அழுத்தித்தான் ஏற முடியும். இந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கில் ஆகும்.

வலது கையையும் பெல்லுக்கு (கருவியின் விரிந்த வாய்க்கு) வெளியே பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். விரல்களைச் சேர்த்து, கட்டைவிரலை ஒட்டி மடக்கி, விரல்களின் புறப்பக்கம் பெல்லின் உட்சுவரைத் தொடும்படி வைப்பதுதான் முறை. கை உள்ளே இல்லாவிட்டால் ஒலி பச்சையாக இருக்கும், சுருதியும் ஏறும். அவர் அதற்குச் செய்த வைத்தியம் மெயின் ஸ்லைடை (சுருதி சேர்க்க நகர்த்தும் குழாயை) நன்றாக வெளியே இழுத்துவிட்டது. பிறகு கையைச் சரியாக வைத்ததும் எல்லா ஸ்வரமும் இறங்கிப்போனது. காது மந்தமோ என்று அந்தப் பெண் பயந்துபோனாள், பாவம்.

அவளுடையது டபுள் ஹார்ன், அதாவது எஃப், பி ஃபிளாட் என இரண்டு சுருதிக் குழாய்கள் சேர்ந்த கருவி; ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றுவது கட்டைவிரல் வால்வு. இடது கட்டைவிரலுக்கான வால்வை “இப்போதைக்குத் தொடவேண்டாம்” என்று சொல்லிவிட்டாராம். எஃப் பக்கத்தின் குழாய் நீளம் சுமார் 3.7 மீட்டர், பி ஃபிளாட் பக்கம் சுமார் 2.7 மீட்டர். நீளக் குழாயில் மேல் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பதால் பக்கத்து ஸ்வரம் எளிதில் விழுந்துவிடும். அதனால்தான் ஸ்டாஃபின் (ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோடுகளின்) இரண்டாம் கோட்டு ஜி-யைத் தாண்டியதும், ஜி ஷார்ப்பிலிருந்து பி ஃபிளாட் பக்கத்துக்கு மாறுவது வழக்கம். தொடக்க மாணவருக்கு முதல் வாரமே இதெல்லாம் வேண்டியதில்லை. எட்டுப் பாடம் வரை சொல்லாமலிருந்தால் அவருக்கே தெரியாது என்றுதான் அர்த்தம்.

ஒரு பாடத்துக்கு மட்டும் பணம் கொடுத்துப் பாருங்கள். அன்றைக்கு அவர் கையில் ஹார்ன் இருக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். ஒரு ஸ்வரத்தைக் கையால் முழுக்க அடைத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒலி மூக்கடைத்த மாதிரி கரகரக்கும், சுருதி அரை ஸ்வரம் ஏறும். அந்த ஏற்றத்தை விரலில் அரை ஸ்வரம் கீழே பிடித்துச் சரிக்கட்டத் தெரிந்தவர்தான் ஹார்ன்காரர். நீங்கள் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவரானால், ஈ ஃபிளாட் ஹார்னுக்கு எழுதிய இசைத்தாளை எஃப் ஹார்னில் எப்படி வாசிப்பது என்று கேளுங்கள். “ஒரு முழு ஸ்வரம் கீழே” என்று யோசிக்காமல் பதில் வர வேண்டும். ஆர்கெஸ்ட்ரா பக்கம் போக நினைப்பவர் இது தெரியாதவரிடம் போய்ப் பயனில்லை.

வாடகைக் கருவியையும் அவரே தருவதாகச் சொன்னால் வால்வுகளைப் பாருங்கள். வலது கையால் அழுத்தும் பிஸ்டன் வால்வு, முன்பக்கம் பார்க்கும் பெல் என்றிருந்தால் அது பெரும்பாலும் மெல்லோஃபோன் என்ற வேறு கருவி. எஃப் சுருதியில் இருப்பதால் ஹார்ன் என்றே தள்ளிவிடுகிறார்கள்.

இணையவழிப் பாடத்தில் இன்னொரு தொல்லை. வீடியோ அழைப்புச் செயலி நீண்ட ஸ்வரத்தை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு நடுவில் அறுத்துவிடும். அதன் இரைச்சல் நீக்கத்தை இரு பக்கமும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆசிரியர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காவிட்டால், இணையத்தில் இதற்கு முன் எத்தனை ஹார்ன் மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு, அப்புறம் அடுத்த பாடத்தைப் பேசுங்கள்.