‘மாட் செய்த கேமரா’ என்று நம்பி வாங்கினேன்: நெபுலா படம் எடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய கேமரா ஒன்று வாங்கி நெபுலா (விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசி மேகம்) எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்திருக்கிறேன் என்பதே எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். நெபுலா படங்களில் பார்க்கிற அந்தச் செக்கச்சிவப்பு, ஹைட்ரஜன் வாயு விடும் ஒளி. ஹைட்ரஜன் ஆல்ஃபா என்பார்கள், அலைநீளம் 656.3 நானோமீட்டர். சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சாருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கண்ணாடி இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே நிறங்கள் பதிய வேண்டும் என்பதற்காக அது அகச்சிவப்பை மறிக்கிறது. கூடவே இந்த 656-இலும் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது. சென்சாருக்குப் போய்ச் சேருவது ஏறத்தாழ கால்வாசிதான். மனித முகங்களுக்கு அது நல்லது, நெபுலாவுக்குப் பெரிய இழப்பு. அதனால் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, ஹைட்ரஜன் சிவப்பை உள்ளே விடுகிற வேறு கண்ணாடியைப் பொருத்துவார்கள். இதைத்தான் ‘மாட்’ செய்த கேமரா என்கிறோம். கேனான் 60டிஏ (2012), நிக்கான் டி810ஏ (2015) மாதிரி கம்பெனியே வானத்துக்கென்று செய்து விற்றவையும் உண்டு. மற்றவை யாரோ ஒருவர் பிரித்து மாற்றியவை. வெளியிலிருந்து பார்த்தால் மாட் செய்ததும் செய்யாததும் ஒன்றுபோலவே இருக்கும்.

எனக்கு விற்றவர் விவரம் தெரிந்தவர் போலத்தான் பேசினார். இரண்டு சான்றுகள் காட்டினார். ஒன்று, குதிரைத்தலை நெபுலாவின் அற்புதமான படம். “இதே கேமராவைச் சின்ன ரிஃப்ராக்டரில் மாட்டி எடுத்தது” என்றார். (ரிஃப்ராக்டர் என்பது லென்ஸ் வைத்த தொலைநோக்கி.) இன்னொன்று, ஒரு வீடியோ. டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துகிறார், கேமராவின் திரையில் ரிமோட்டின் முனை மினுக்குகிறது. “பாருங்கள், அகச்சிவப்பு தெரிகிறதா? ஃபில்டர் எடுத்தாச்சு.” நானும் நம்பிவிட்டேன்.

முதல் இரவே ஓரியன் நெபுலா, அதாவது எம் 42, எடுத்தேன். வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் டிராக்கரில் வைத்து ஒரு நிமிட எக்ஸ்போஷர்கள், அப்புறம் அவற்றை ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும் ஸ்டாக்கிங். நடுவில் வெண்மை, சுற்றிலும் ரோஜா நிறம், ஓரத்தில் நீலச் சாயல். சொக்கிப்போய்விட்டேன். விற்றவருக்கு நன்றி சொல்லி மெசேஜ் வேறு அனுப்பினேன்!

என்னை ஏமாற்றியதில் எம் 42-க்கும் பங்கு உண்டு. அது அவ்வளவு பிரகாசம். 1880-லேயே அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் 51 நிமிட எக்ஸ்போஷரில் அதைப் படம் பிடித்துவிட்டார். ஹைட்ரஜனின் சிவப்பு மட்டுமல்லாமல் அதன் நீலக்கோடு, ஆக்ஸிஜனின் நீலப்பச்சை எல்லாம் அதில் தாராளமாக வருகிறது. எந்தக் கேமராவைக் காட்டினாலும் அழகாக விழும். கேமரா மாட் செய்ததா என்று பார்க்க அதைவிட மோசமான சோதனை கிடையாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

குதிரைத்தலை அப்படியில்லை. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடைவாரில் கிழக்குக் கோடியில் இருக்கும் ஆல்னிடாக் நட்சத்திரத்தின் பக்கத்திலேயே அது இருக்கிறது. குதிரை என்பது வெறும் தூசி மேகம், அதற்கு ஒளி கிடையாது. பின்னால் இருக்கும் ஐசி 434 என்ற சிவப்புத் திரையில் நிழலாகத் தெரிவதால்தான் அது குதிரை. அந்தத் திரையோ பெரும்பாலும் ஹைட்ரஜன் சிவப்பு. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

எனக்குக் கிடைத்தது: கண்ணைக் கூசும் ஆல்னிடாக், அருகில் வெளிறிய பழுப்பில் தீச்சுடர் நெபுலா, கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு கறை. முதலில் நிலாவைக் குறை சொன்னேன். அப்புறம் தெருவிளக்குகளை. அப்புறம் என்னையே. நான்கு மணி நேரத்துக்கு ஃபிரேம்கள் சேர்த்தேன், கேமராவின் குறைகளைக் கழிக்க உதவும் டார்க், ஃப்ளாட் படங்கள் எல்லாம் ஒழுங்காக எடுத்தேன். எடிட்டிங்கில் வெளிச்சம் கூட்டக் கர்வ்ஸை இழுக்க இழுக்கச் சிவப்புக்குப் பதிலாக நாய்ஸ் என்கிற புள்ளிக் குப்பைதான் மேலே வந்தது. அதே மாதிரி சிவப்பான கலிஃபோர்னியா நெபுலாவை எடுத்தபோது நட்சத்திரங்களைத் தவிர படத்துக்குள் எதுவுமே இல்லை. இந்தப் பொழுதுபோக்கு நமக்குச் சரிப்படாது என்று மூட்டை கட்டவே முடிவு செய்துவிட்டேன்.

நல்ல வேளையாக, பல வருடம் இதில் ஊறிய நண்பர் ஒருவர் என் ரா ஃபைலை (கேமரா பதிந்தபடியே இருக்கும், மெருகேற்றாத ஃபைல்) பார்த்துவிட்டு, “வெயிலில் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடு” என்றார். அவருடைய மாட் செய்த கேமராவும் என்னுடையதும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) வெயிலுக்கான டேலைட், இரண்டிலும் அதே காகிதம். அவர் திரையில் காகிதம் ரோஸ் கலர் பூசியது போல இருந்தது. என் திரையில் பளிச்சென்று வெள்ளை. அரை நிமிடத்தில் முடிந்துபோன சோதனை அது. நான் ஐந்து மாத இரவுகளைச் செலவழித்திருந்தேன்.

கையோடு ரிமோட்டையும் எடுத்து வந்தோம். என் கேமராவில் அதே மினுக்கல். அவருடையதில் அதைவிட மங்கல்! காரணம் எளிது. பல ரிமோட்டுகள் விடுவது 940 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு. அருகில் பிடித்தால் சாதாரண கேமராவிலும் அது கொஞ்சம் கசியும். நல்ல மாற்று ஃபில்டர் போட்ட கேமரா 656-ஐ விட்டுவிட்டு அகச்சிவப்பைத் தடுக்கத்தான் செய்யும். ஃபில்டரே இல்லாமல் வெறுங்கண்ணாடி போட்ட கேமராவில்தான் ரிமோட் டார்ச் மாதிரி எரியும். அந்த வீடியோ எதையும் நிரூபிக்கவில்லை.

சந்தேகம் மிச்சம் இருக்கக்கூடாது என்று மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துப் பார்த்தோம். கம்பெனி வைத்த இளநீலக் கண்ணாடி வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

விற்றவர் அனுப்பிய குதிரைத்தலைப் படத்தை நண்பர் பெரிதாக்கிக் காட்டியபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆல்னிடாக்கைச் சுற்றிச் சிலுவை போல நான்கு கதிர்கள். ரிஃப்ராக்டரில் அப்படி வராது. நியூட்டோனியன் என்கிற, ஆடி வைத்த தொலைநோக்கியில் சின்னக் கண்ணாடியைத் தாங்கும் நான்கு தகடுகள் போடுகிற கோடு அது. ரிஃப்ராக்டரில் எடுத்ததாகச் சொன்னது பொய் என்று படமே சொல்லியிருக்கிறது. ஐந்து மாதமாக அதை என் போனில் வால்பேப்பராக வைத்திருந்தேன்.

விற்றவரைக் கேட்டேன். முதலில் “உங்கள் பிராசஸிங் சரியில்லை” என்றார். காகிதப் படத்தை அனுப்பியதும், “கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைத்துக் கொடுத்திருந்தேன், அதனால் சிவப்பு தெரியாது” என்றார். டேலைட்டில் எடுத்தது என்றேன். அதன் பிறகு பதில் இல்லை, என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்.

மாட் செய்ததாகச் சொல்லி யாராவது விற்றால், அழகான ஜேபெக் படம் எதையும் நம்பாதீர்கள். வெயிலில், டேலைட் ஒயிட் பேலன்ஸில் எடுத்த வெள்ளைக் காகிதத்தின் ரா ஃபைலைக் கேளுங்கள். அந்த ஃபைலுக்குள் பெரும்பாலும் கேமராவின் சீரியல் எண்ணும் இருக்கும், அடியில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுவிடலாம். நேர்மையானவர் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். “அதெல்லாம் எதற்கு” என்று இழுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். குதிரைத்தலை, கலிஃபோர்னியா போன்ற சிவப்பு நெபுலாவின் ஒற்றை எக்ஸ்போஷர் ரா ஃபைல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்டாக் செய்து மெருகேற்றிய படத்தில் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம்.

கேமராவை நான் தூக்கிப் போடவில்லை. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியும் கார்த்திகைக் கூட்டத்தின் நீலப் புகையும் அதில் நன்றாகவே வருகின்றன. ஆனால் அதற்கு மாட் செய்த கேமராவின் விலையை யாராவது கொடுப்பார்களா? நான் கொடுத்தேன்.

போன வாரம் அதே குதிரைத்தலைப் படம் மறுபடி ஒரு விற்பனை விளம்பரத்தில் வந்திருக்கிறது. கேமரா மாடல் வேறு, பெயரும் வேறு. ஆல்னிடாக்கைச் சுற்றி அதே நான்கு கதிர்கள்.