டிஎம் 9-803: காயலான் கடைக்குக் கையோடு எடுத்துப் போகலாமா?

1944 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட ஜீப் பராமரிப்புக் கையேடு. வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டுக்கும் பொது. டியூனிங் வேலைக்கு இதை அடிக்க ஆளில்லை: பிளக் இடைவெளி 0.030 அங்குலம், கான்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.020, சிலிண்டர்களின் ஃபயரிங் வரிசை 1-3-4-2, மின்சாரம் 6 வோல்ட்.

ஆனால் சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் 'மிலிட்டரி ஸ்பேர்' என்று எடுத்துப் போடும் உருப்படியை அடையாளம் காண இது ஒன்று போதாது. இன்ஜின், கிளட்சைப் பிரிக்க டிஎம் 9-1803ஏ என்ற வேறு கையேடு, கியர்பாக்ஸ், ஆக்சிலுக்கு 9-1803பி. பார்ட் நம்பருக்கு எஸ்என்எல் ஜி-503 என்ற ராணுவ உதிரிபாகப் பட்டியல். அது இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

கெரசினில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு எண்ணைத் தேடுங்கள். ஜிபிடபிள்யூ-வுக்குப் பின்னால் 4000 வரிசை என்றால் பின் ஆக்சில், 6000 இன்ஜின், 7000 கியர்பாக்ஸ். பலரும் சறுக்குவது வார்ப்பு எண்ணில்தான். இரும்பில் புடைத்து நிற்கும் எண் பல சமயம் பட்டியலில் இருக்காது. பார்ட் நம்பர் வேறு. எண்ணூர் உப்புக்காற்று தின்றுவிட்டால் அந்த எண்ணும் மிஞ்சாது. ஃபோர்டு போல்ட் தலையில் எஃப் எழுத்து இருக்கும், ஆனால் ஒரு போல்ட்டை வைத்து வண்டியையே ஃபோர்டு என்று சொல்லிவிட முடியாது.

ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்களை மட்டும் பல் எண்ணாமல் வாங்காதீர்கள். போர்க்கால ஜீப்பில் 39-க்கு 8, அதாவது 4.88. பின்னால் வந்த சிஜே-2ஏ என்ற சிவிலியன் ஜீப்பில் 43-க்கு 8, அதாவது 5.38. ஹவுசிங்கைத் திறக்க விடமாட்டார்களா? ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்து மறுபக்க ஹப்பை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் ஃபிளாஞ்ச் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.88, ஐந்தேகால் தாண்டினால் 5.38. முன் ஆக்சிலில் ஒரு விகிதம், பின் ஆக்சிலில் வேறு விகிதம் என்று மாட்டிவிட்டு தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டால், இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி உடையலாம்.

வீல் நட்டில் இடப்பக்கம் இடது மரை. தெரியாமல் வலது மரை நட்டைத் திணித்தால் ஸ்டட் போச்சு.

கையேட்டை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். படங்களில் பல புகைப்படங்கள், நகலில் கரிக்கட்டையாக வரும். ஸ்கேனைப் போனில் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதே மேல்.