பாண்டிச்சேரியில் 'ஒயிட் டவுன்' ரூம் போடுபவர்கள் கவனத்துக்கு

பாண்டிச்சேரியின் ஒயிட் டவுன், அதாவது கடலை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதி; அங்கே மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பால்கனியில் நின்றால் கடல் என்று இன்ஸ்டாகிராமில் படம் போட்டு 'ஹெரிடேஜ் ஸ்டே' விற்கிறார்களே, அப்படி ஒன்றில்தான் குடும்பத்தோடு மாட்டினோம். பெயரை இங்கே போடவில்லை. ஒரே ஆள் பல பெயர்களில் பக்கம் நடத்துவதுபோல் தெரிகிறது; ஒன்றைச் சொன்னால் இன்னொன்றில் வருவார். ஆளை விட ஆட்டத்தைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உபயோகம்.

ஒரு இரவுக்கு 4,500 ரூபாய், பாதிப் பணம் முன்கூட்டியே ஜிபேயில். முகவரி கேட்டால் "பீச் பக்கத்துலதான் சார், பஸ் ஸ்டாண்ட் வந்துட்டு கூப்பிடுங்க, லொகேஷன் அனுப்புறேன்" என்பார்கள். சனிக்கிழமை மதியம் இறங்கிக் கூப்பிட்டால் அந்த அறையில் ஏசி ஒழுகுகிறதாம், ஆள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "அதே மாதிரி நம்ம இன்னொரு வீடு இருக்கு சார், அஞ்சு நிமிஷம்." குழந்தையும் பெட்டியுமாக வெயிலில் நிற்கிறோம், ஊரில் மற்ற அறைகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. அந்த நேரத்தில் யாரும் சண்டை போட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது.

லொகேஷன் வந்தது. முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே, கோட்டக்குப்பம். சந்துக்குள் ஒரு அடுக்குமாடிக் கட்டடம், இரண்டாவது மாடி. பால்கனி இருக்க வேண்டிய இடத்தில் துணி காயப்போடும் கம்பி இருந்தது. கோட்டக்குப்பத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஊர் என்று சொல்லி, அந்த ஊர் வாடகையை வாங்கியிருந்தால் பேச்சே இல்லை. ஆனால் அது பாண்டிச்சேரியே கிடையாது. விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. செரினிட்டி பீச் பக்கத்துத் தங்குமிடங்களும் அப்படித்தான்.

மூன்று நான்கு கிலோமீட்டர்தானே என்று தோன்றலாம். பீச் ரோட்டில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டு மறுநாள் காலைவரை நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு துமா தெரு வழியாகக் கடலுக்கு நடக்கத்தான் ஒயிட் டவுனுக்குக் கூடுதல் வாடகை. இங்கிருந்து ஒவ்வொரு தடவையும் மீட்டர் போடாத ஆட்டோவில் பேரம் பேசிப் போக வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய வம்பு பாட்டில் விஷயம். பாண்டிக் கடையில் வாங்கி அறையில் வைத்துக் குடிக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அறை கோட்டக்குப்பத்தில் என்றால் அந்தப் பாட்டில் மாநில எல்லையைத் தாண்டுகிறது. பாண்டி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்து சோதனையில் சிக்கினால் மதுவிலக்கு வழக்கு. அறையைக் காட்ட வந்த பையன் "கடையெல்லாம் பக்கத்துலதான் இருக்கு" என்றதோடு சரி. என் மச்சானை அன்று இரவு தடுத்தவர் ஆட்டோ ஓட்டிய அண்ணன்தான். அந்தப் புண்ணியவானுக்குக் கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்தோம்.

கிளம்பும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி கேட்டார்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். இதைச் சொன்னதற்கு "எங்க ஆடிட்டர் போட்டது சார்" என்று பதில். அவர்கள் சாவியை வாங்கிக்கொள்ளாமல் பிடிவாதமாக நின்றதால் பணத்தைக் கட்டிவிட்டு, ஜிஎஸ்டி எண்ணோடு பில் வேண்டும் என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்தது. தலைப்பில் ஒயிட் டவுன், கீழே ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்குகிறது. 33 தமிழ்நாட்டுக்கு உரியது, புதுச்சேரிக்கு 34. அவர்கள் பில்லே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒயிட் டவுனையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே ஒரு உணவகத்தில் இன்னொரு கூத்து. பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், பியரையும் சேர்த்து மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, மாநில வரிதான். "கம்ப்யூட்டர் போடுது சார்" என்றார்கள். மேனேஜர் வரும்வரை எழுந்திருக்கவில்லை. வந்து பார்த்தவர் வேறு பில் போட்டுக் கொடுத்தார். மீன் மட்டும் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே பணம் அனுப்பும் முன் மேப்பில் இடத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். ஒயிட் டவுனுக்குப் பின்கோடு 605001. அறையிலிருந்தே வீடியோ கால் போடச் சொல்லுங்கள். "இப்ப கெஸ்ட் இருக்காங்க" என்றால் நாளை போடச் சொல்லுங்கள், அதற்கும் மழுப்பினால் விட்டுவிடுங்கள். கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்றால் பீச் ரோட்டின் தெற்குக் கோடியில் அரவிந்தர் ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. அங்கே குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, ராத்திரி கேட்டையும் பூட்டிவிடுவார்கள், ஒத்துவந்தால் சரி. பழைய வீடுதான் ஆசை என்றால் கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில், வைசியாள் தெருப் பக்கம் தேடுங்கள். திண்ணையும் தாழ்வாரமுமாக நிஜமான பழைய வீடுகள் அங்கே நிற்கின்றன. காலை டிபனுக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் போதும்.

ஊருக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஜிபே ரசீது, முதலில் அனுப்பிய அறைப் படம், பில் மூன்றும் கையில் இருந்தது உதவியது. அதன் பிறகு ஒரு இரவு வாடகை மட்டும் திரும்பி வந்தது. கூடுதலாக வாங்கிய ஜிஎஸ்டியைப் பற்றிக் கேட்டால் இன்றுவரை போனை எடுப்பதில்லை.