நானோவிஎன்ஏவும் அந்தச் சின்ன ‘சி’யும்

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் இது. டிஷ் மாட்டியவர்கள் விட்டுப்போன கேபிள் அரைச் சுருள் கிடக்கிறதாம். மேலுறையில் எழுத்து அழிந்துவிட்டது. அதன் இம்பிடன்ஸ் (ரேடியோ அலைக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு) 50 ஓமா, 75 ஓமா என்று பார்க்க நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக் கருவி வாங்கலாமா, விலை இறங்கியிருக்கிறதே என்கிறார். டர்பனில் இப்படிப்பட்ட அரைச் சுருள் இல்லாத கராஜைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது 2.8 அங்குலத் திரை கொண்ட எச் வகை, பழைய ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்). அதைப் பற்றிய நல்லது கெட்டதெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதியாயிற்று. எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்றே ஒன்று. திரையின் இடது ஓரத்தில் ஆங்கில ‘சி’ ஒன்று நிற்கும். கேலிப்ரேஷன் (தெரிந்த அளவுகளைக் காட்டிக் கருவியின் பிழையைத் திருத்துவது) செய்த அதே அதிர்வெண் எல்லையில் அளந்தால் அது பெரிய ‘சி’. எல்லையைச் சற்று நகர்த்தினாலும் சின்ன ‘சி’ ஆகிவிடும். அதாவது, திருத்தக் கணக்கை இனி இடைக்கணிப்பில் ஓட்டுகிறேன் என்று கருவி சொல்கிறது. அந்த எழுத்தில் பெரிதும் சிறிதும் ஒரே வடிவம். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இவ்வளவு முக்கியமான செய்தியை இவ்வளவு பொடியாகச் சொல்ல யாருக்குத்தான் மனம் வந்ததோ!

எல்லையை நகர்த்தாமல் வேலை செய்யலாமே என்றால், கேபிள் அளக்கையில் அது நடக்காது. ஒரு ஓட்டத்துக்கு 101 புள்ளிதான். 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை விட்டால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. நமக்கு வேண்டிய இடம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போகும். 2 மீட்டர் துண்டுக்கு 5 முதல் 35 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்தால் இடைவெளி 0.3 ஆகிவிடும், அது போதும். அந்த எல்லையில் கேலிப்ரேஷன் செய்து 0ஆம் இடத்தில் சேமியுங்கள். கருவியை இயக்கியதும் அது தானே ஏறிக்கொள்ளும், ‘சி’யும் பெரிதாகவே இருக்கும். கேலிப்ரேஷன் தொடங்குமுன் ரீசெட் தட்ட மறந்தால் பழைய திருத்தத்தின் மேல் புதிய திருத்தம் ஏறிக் குழம்பிவிடும். பிறகு ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (நேர் இணைப்பு), லோட் (50 ஓம்) என்ற மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாக முதல் போர்ட்டில் மாட்டி முடித்தால் போதும். இந்த வேலைக்கு இரண்டாம் போர்ட் தேவையே இல்லை.

இனி அளவு. கேபிளின் ஒரு முனையைக் கருவியில் மாட்டி, மறுமுனையைத் திறந்து வைத்து, கருவி காட்டும் ரியாக்டன்ஸைக் (+ அல்லது − குறியோடு வரும் ஓம் அளவு) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மறுமுனையை ஷார்ட் செய்து, அதே அதிர்வெண்ணில் மறுபடி குறியுங்கள். இரண்டையும் + − குறியைப் பார்க்காமல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இம்பிடன்ஸ் வந்துவிடும். 2 மீட்டர் ஆர்ஜி-58 என்ற 50 ஓம் கேபிளில் வேக விகிதம் (ஒளி வேகத்தோடு ஒப்பிட்டால் கேபிளுக்குள் அலையின் வேகம்) 0.66. ஆகவே கேபிளின் நீளம் கால் அலையாகும் இடம் 24.75 மெகாஹெர்ட்ஸ், எட்டில் ஒரு பங்கு அலை 12.4. அதன் பக்கத்தில் திறந்த முனைக்கு −49, ஷார்ட்டுக்கு +51.5 என்று வந்தால் விடை 50.2 ஓம். நுரை இன்சுலேஷன் உள்ள 75 ஓம் கேபிளில் வேக விகிதம் 0.83 அளவில் இருக்கும், அப்போது அந்த இடம் 15.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நகரும். அதிர்வெண் சற்றுத் தள்ளியிருந்தாலும் பாதகமில்லை. ஒரு எண் ஏறும்போது மற்றது இறங்கி, பெருக்கல் சமமாகிவிடும்.

இம்பிடன்ஸைக் கால் அலையில் அளக்கவே அளக்காதீர்கள். அங்கே ஒன்று பூஜ்யத்தை ஒட்டியும் மற்றது ஆயிரக்கணக்கான ஓமிலும் நிற்கும். இந்தக் கருவிக்குக் கண் நன்றாகத் தெரிவது 50 ஓமைச் சுற்றித்தான். எட்டில் ஒரு பங்கை நான் விடாப்பிடியாகச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கருவிப் பக்கம் 5 சென்டிமீட்டர் வால் கம்பியோடு இணைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஏறக்குறைய 50 நானோஹென்றி, 12.5 மெகாஹெர்ட்ஸில் 4 ஓம். ஷார்ட் அளவு 54 ஆகும், திறந்த அளவு 46 ஆகும். பெருக்கி மூலம் எடுத்தால் 49.8. பிழை தானே அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்தக் கருவி தந்த எதிர்பாராத மகிழ்ச்சி என்றால் இதைத்தான் சொல்வேன், கருவியைவிடக் கணக்குக்கே புகழ் அதிகம் என்றாலும்.

மறுமுனையில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே 2 சென்டிமீட்டர் கம்பியால் ஷார்ட் செய்தால், ஷார்ட் அளவுக்கு மட்டும் கேபிள் கொஞ்சம் நீண்டதாகத் தெரியும். விடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். பின்னலைப் பிரித்து, நடுக்கம்பியைச் சுற்றி ஒட்ட இறுக்கிச் சால்டர் வையுங்கள். திறந்த அளவை முதலில் எடுத்துவிட்டால் ஒரே துண்டு போதும்.

கூட வரும் 50 ஓம் லோடைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஓம் கணக்கு முழுவதும் அந்தப் பித்தளைத் துண்டின் மேல்தான் நிற்கிறது. அது 51 ஆக இருந்தால் உங்கள் கேபிள்கள் எல்லாமே 2 சதவீதம் பிசகும். மல்டிமீட்டரில் 200 ஓம் ரேஞ்சில் அளந்து, கம்பி முனைகளைச் சேர்த்தால் வரும் அளவைக் கழியுங்கள். 50.5 என்று வந்தால் இறுதி விடையை 1.01ஆல் பெருக்குங்கள்.

இண்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டர் போதாதா என்று கேட்பார்கள். ஷார்ட் முனையில் இண்டக்டன்ஸ், திறந்த முனையில் கெப்பாசிட்டன்ஸ், வகுத்து மூலம் எடுத்தால் ஆயிற்று. ஆர்ஜி-58இல் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.25 மைக்ரோஹென்றியும் 100 பிகோஃபாரடும் இருப்பதால் 50 வரும். ஆனால் மலிவு மீட்டர்களுக்கு 0.25 மைக்ரோஹென்றி எட்டாது. 10 மீட்டர் நீளக் கேபிளாவது வேண்டும், சோதனை அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸாவது வேண்டும். டிஷ் கேபிளில் இன்னொரு கண்ணியும் உண்டு. நடுக்கம்பியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய எஃகு. தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் எஃகுக்குள்ளும் ஓடுவதால் இண்டக்டன்ஸ் ஊதிப்போய், விடை 75ஐத் தாண்டி எங்கோ நிற்கும். 12 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்புத் தோலிலேயே ஓடுவதால் நானோவிஎன்ஏவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடலோரத்துக்கு ஒரு வார்த்தை. டர்பன் கடலோரத்தில் பிளஃப், ஐசிபிங்கோ பக்கம் கூரையில் கிடந்த கேபிளென்றால் முனையிலிருந்து அரை மீட்டர் வெட்டி எறிந்துவிட்டு அளக்கவும். உப்புக் காற்று பின்னலை அரிக்கும், நுரைக்குள் ஈரம் ஏறினால் கெப்பாசிட்டன்ஸ் கூடி இம்பிடன்ஸ் இறங்கும். திறந்த முனையோடு கால் அலையில் ரெசிஸ்டன்ஸை மட்டும் பாருங்கள். நல்ல 2 மீட்டர் துண்டு ஒரு ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோ காட்டும். நாலைந்து ஓம் என்றால் கேபிள் கெட்டுவிட்டது, இம்பிடன்ஸ் சரியாக வந்தாலும் நம்ப வேண்டாம்.

சரி, தம்பிக்கு என்ன சொல்வது? ஆசிலோஸ்கோப் உங்களிடம் இருக்கிறதென்று தெரியும். அப்படியானால் இதை வாங்காதீர்கள். ஆறு இன்வெர்ட்டர் கேட் கொண்ட 74ஏசி14 ஐசி ஒன்று, அதன் ஒரு கேட்டை ஆசிலேட்டராக்குங்கள், மீதி ஐந்தையும் தலைக்கு ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் வைத்து இணையாகச் சேருங்கள். சப்ளைக் காலை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட். பிஎன்சி ‘டி’ வழியாக ஸ்கோப்பின் ஒரு மெகாஓம் உள்ளீட்டைத் தொட்டுக்கொண்டு கேபிளுக்குள் அனுப்புங்கள். 10 மீட்டர் ஆர்ஜி-58 என்றால் 100 நானோசெகண்டில் எதிரொலி திரும்பும். மறுமுனையில் 220 ஓம் கார்பன் ட்ரிம்மர், கம்பி சுற்றியது வேண்டாம். ஸ்கோப் திரையில் எதிரொலியின் படி ஏறியும் இறங்கியும் இல்லாமல் சமமாகும் வரை திருப்பி, கழற்றி, மல்டிமீட்டரில் அளங்கள். 50ஐயும் 75ஐயும் பிரித்தறிய இதைவிட வேறென்ன வேண்டும்? இதில் எந்தச் ‘சி’யும் கிடையாது.

ஒருவேளை 75 என்றே வந்தாலும் அமெச்சூர் ரேடியோவின் 2 மீட்டர் அலைவரிசை ஆன்டெனாவுக்கு அதைத் தாராளமாகப் போடலாம். பொருத்தம் (எஸ்டபிள்யூஆர்) 1.5க்கு 1, அனுப்பிய சக்தியில் திரும்பி வருவது 4 சதவீதம். டிரான்ஸ்மிட்டர் அதைக் கண்டு முகம் சுளிக்காது.

இத்தனை சொன்ன பிறகும், என்னுடையது நாளைக்கே கெட்டுப்போனால் அதே மாடலைத்தான் மறுபடி வாங்குவேன். லோட் ஷெடிங் நேரத்திலும் பேட்டரியில் ஓடுகிறது, ஆன்டெனா கம்பத்தடிக்கே எடுத்துப் போகலாம். தம்பி கேட்காமல் வாங்கிவிட்டால், கூடவே கருவியின் எஸ்எம்ஏ இணைப்பில் மாட்டும் நல்ல 50 ஓம் லோட் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். முதல் வேலையாக 5-35 எல்லையை 0ஆம் இடத்தில் சேமிக்கட்டும்.